கலேனின் இரகசியம்: சாப்பெக்கின் ‘வெள்ளை நோய்’ பற்றி

2020ஆம் ஆண்டில் கொவிட் நோய் நாடுகளைச் சூழ்ந்து, மக்கள் வீடுகளுக்குள் அடைபட்டுக் கிடந்த மாதங்களில், இலக்கிய ஆர்வமுள்ளோர் பலர் தேடிப் படித்த நூல் அல்பேர் காம்யுவின் ‘கொள்ளை நோய்’ என்ற நவீனமாகும். 1947இல் வெளிவந்த அந்நூல் சிறந்த நூலே; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கொள்ளை நோய் அங்கே ஒரு நோயாக மட்டும் இருப்பதில்லை. மனித வாழ்வின் அபத்தத்துக்கும், ஐரோப்பாவை மிதித்து நின்ற நாஸி ஆதிக்கத்துக்கும் அது ஒரு குறியீடு. குறியீடாக நிற்கும் நோய்க்கு மருந்து எங்கே தயாராகிறது, அதனை யார் விலை பேசுகிறார், வாங்க வழியற்றவன் கதி என்ன என்பவை முக்கியமாவதில்லை. கிழவர் காஸ்தல் ஊரிலேயே ஒரு சீரம் தயாரிக்கிறார். அது பலித்ததா இல்லையா என்பது தெளிவாவதற்குள் நோய் தானாகவே தணிந்துவிடுகிறது. ஓரான் நகரின் அராபிய மக்கள் அந்நவீனத்தில் ஏறக்குறைய முகமற்றவர்களாகவே இருக்கின்றனர் என்பதும் பலர் எடுத்துக்காட்டிய குறையாகும்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, மருந்து யாருடையது என்ற கேள்வியை நேருக்கு நேர் எழுப்பிய ஒரு நாடகம் உண்டு. செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக்கின் ‘வெள்ளை நோய்’ 1937 ஜனவரியில் பிராக் நகரில் மேடையேறியது. அதே ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது. ‘ரொபோ’ என்ற சொல்லை 1920இல் எழுதிய நாடகமொன்றின் மூலம் உலகுக்குத் தந்தவர் என்ற அளவிலேயே நம்மிற் பலர் சாப்பெக்கை அறிவர். (அச்சொல்லைக் கண்டு சொன்னவர் உண்மையில் அவருடைய தமையனார் ஜோசப்.) ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே இந்நாடகத்தை நாம் படிக்கிறோம். ஆகவே அதன் மொழிநயம் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. அதன் பொருள் பற்றிப் பேசலாம், பேசவும் வேண்டும்.

பெயர் கூறப்படாத ஒரு நாடு. மார்ஷல் ஒருவர் அதன் சர்வாதிகாரி. அயல் நாட்டின்மீது படையெடுக்க எல்லாம் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறது. அவ்வேளையில், சீனாவிலிருந்து வந்ததாகக் கூறப்படும் ஒரு நோய் உலகெங்கும் பரவுகிறது. தோலிலே உணர்ச்சியற்ற வெண்புள்ளி ஒன்று தோன்றும். பின்னர் உடல் உயிரோடு அழுகும். நடுத்தர வயதைக் கடந்தோரையே அது பற்றுகிறது. ஏழைகளின் வைத்தியரான டொக்டர் கலேன் அதற்கு ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கிறார். நாட்டின் புகழ்பெற்ற வைத்தியசாலையின் தலைவர் சிகேலியுஸிடம் சென்று, அதனைப் பரீட்சித்துப் பார்க்க இடம் கேட்கிறார். பணம் கொடுக்க இயலாதோர் கிடக்கும் 13ஆம் வார்ட்டு அவருக்குக் கிடைக்கிறது. அங்கே நோயாளர் குணமடைகின்றனர். மார்ஷலே வந்து பார்த்து வியக்கிறார். அந்த வெற்றி வேளையில் கலேன் பத்திரிகையாளர் முன் தமது நிபந்தனையை வெளியிடுகிறார்: ஏழைகளுக்கு மருந்து உண்டு, செல்வரும் அதிகாரமுடையோரும் மருந்து வேண்டுவராயின் போரைக் கைவிட்டு, நிலையான சமாதானத்துக்கு உடன்பட வேண்டும். அதுவரை மருந்தின் சூத்திரத்தை அவர் எவருக்கும் சொல்லமாட்டார்.

அவர் அவ்வைத்தியசாலையிலிருந்து வெளியேற்றப்படுகிறார். ஆயுத உற்பத்தி முதலாளி பாரன் கிரூக் நோயுறுகிறான். போரை நிறுத்தும்படி மார்ஷலிடம் மன்றாடியும் பயனில்லாது தற்கொலை செய்துகொள்கிறான். போர் தொடங்குகிறது. மார்ஷலின் மார்பிலும் வெண்புள்ளி தோன்றுகிறது. மகளும் அவளை மணக்கவிருக்கும் இளைய கிரூக்கும் வற்புறுத்த, இறுதியில் அவர் இணங்குகிறார். மருந்துப் பையுடன் கலேன் மார்ஷலின் மாளிகையை நோக்கி நடந்து வருகிறார். வீதியிலே போருக்கு வாழ்த்துக் கோஷமிடும் கூட்டம். போர் வேண்டாம் என்று அவர் உரைக்கிறார். துரோகி என்ற கூச்சல் எழுகிறது. கூட்டம் அவரை அடித்துக் கொல்கிறது. மருந்துக் குப்பிகள் காலடியில் நொறுங்குகின்றன.

நாடகம் எழுதப்பட்ட காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது. ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1938 செப்டெம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியா கைவிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் தேதி சாப்பெக் நிமோனியாவினால் இறந்தார். அடுத்த மார்ச் மாதம் பிராக் நகருக்குள் நாஸிகள் நுழைந்தனர். தமையனார் ஜோசப் 1945இல் பேர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார். இத்தகைய காலத்தில் எழுந்த குரலைக் குறை கூறுவது எளிதன்று. ஆயினும் இலக்கியத்துக்குச் செய்யும் மரியாதை, அதன் கேள்வியை அது நிறுத்திய இடத்துக்கு அப்பாலும் கொண்டு செல்வதே என்று நாம் கருதுகிறோம்.

இந்நாடகம் பற்றிப் பேசுவோர் பொதுவாகக் கலேனையும் மார்ஷலையும் எதிரெதிரே நிறுத்துவர்: சமாதானமும் போரும், மனச்சாட்சியும் அதிகாரமும். எமது எண்ணத்தில் நாடகத்தின் மிக உண்மையான பாத்திரம் இவ்விருவருமல்லர், சிகேலியுஸே. மார்ஷலைப் போன்ற சர்வாதிகாரிகளை நாடக மேடை நன்கறியும். கலேனைப் போன்ற தூயவர்களையும் அறியும். சிகேலியுஸ் புதியவன். அவன் மூடனல்லன், போலி வைத்தியனுமல்லன். கற்றவன், பட்டம் பெற்றவன், லத்தீன் பெயர்களைத் தடையின்றிச் சொல்பவன். மாமனார் லிலியன்தாலின் பெயர் தாங்கிய வைத்தியசாலையின் கௌரவமே அவனுக்கு விஞ்ஞானம். கலேன் மருந்தோடு வரும்போது அவன் கேட்கும் முதற் கேள்வி, இது நோயாளிக்குப் பலிக்குமா என்பதன்று. இது யாருடைய பெயரில் வெளிவரும் என்பதுதான். 13ஆம் வார்ட்டை அவன் கொடுப்பதிலும் கணக்கு உண்டு. ஏழை இறந்தால் கேட்பாரில்லை. ஏழை பிழைத்தால் புகழ் வைத்தியசாலைக்கு.

இதனினும் கூர்மையான இடம் பின்னே வருகிறது. கலேனின் மருந்து வெளியேறிய பிறகு, நோய்க்கு அரசாங்கம் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. சிகேலியுஸிடம் விடை தயாராக இருக்கிறது: வெண்புள்ளியுள்ள அனைவரையும் பிடித்து, காவலிட்ட முகாம்களில் அடைத்துவிட வேண்டும், தப்ப முயல்வோரைச் சுட வேண்டும். மருந்து கொடுக்க இயலாத விஞ்ஞானம் முள்வேலியைக் கொடுக்கிறது. அவன் இதைக் கொடூரமாகச் சொல்லவில்லை; நிபுணர் ஒருவர் ஆலோசனை கூறும் அமைதியோடு சொல்கிறான். போருக்கு ஆயத்தமாகும் அரசுக்கும் அத்தகைய ஆலோசனையே தேவையாக இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் பார்வையாளர் இதைக் கேட்டு என்ன நினைத்தனரோ நாம் அறியோம். இலங்கையில் இருந்து இதனைப் படிப்பவர் ஒன்றை நினையாது இப்பக்கத்தைக் கடக்க முடியாது.

2020 மார்ச் மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டல், கொவிட் நோயால் இறந்தோரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றே கூறிற்று. அடுத்த மாதம் நமது அரசாங்கம் எரித்தலைக் கட்டாயமாக்கி வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்ற காரணம் சொல்லப்பட்டது. அதற்கு நிபுணர் குழுவொன்றின் பெயரும் காட்டப்பட்டது. ஆதாரம் காட்டப்படவில்லை. இறந்தோரைப் புதைப்பதையே மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்கள், தம் தாய் தந்தையர் எரிவதை வெளியே நின்று பார்த்தனர். அதே மார்க்கத்தை உடையோர் பலர் வைத்தியசாலைக்குச் செல்லவே அஞ்சினர். 2020 டிசம்பரில், பிறந்து 20 நாட்களேயான ஒரு சிசுவின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வாயிலில் மக்கள் வந்து வெண்துணித் துண்டுகளைக் கட்டிச் சென்றனர்; அவை இரவோடிரவாக அகற்றப்பட்டன. அம்மாதத்தின் முதல் நாளில் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு ஏற்கவே மறுத்திருந்தது.

இங்கே நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கூற வேண்டும். இல்லையேல் விஞ்ஞானத்தின்மீதே பழி விழும். அந்த நிலத்தடி நீர்க் கதையை உடைத்தவர்களும் விஞ்ஞானிகளே. இலங்கை மருத்துவச் சங்கமும், சமுதாய வைத்திய நிபுணர்களின் கல்லூரியும் அவ்வாண்டு முடிவிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும், புதைப்பதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரமில்லை என வெளிப்படையாக அறிவித்தன. இருந்தும் 2021 பெப்ரவரி இறுதி வரை நெருப்பு நிற்கவில்லை. பின்னர் முதலில் இரணைதீவு என்றார்கள். இடம்பெயர்ந்து வாடி, போராடித் தம் மண்ணுக்கு மீண்ட கடற்றொழிலாளரின் தீவு அது. இரு சிறுபான்மை மக்களை ஒருவரோடொருவர் மோதவிடும் சாமர்த்தியம் அதிலும் இருந்தது. இறுதியில் ஓட்டமாவடியில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. சாம்பலாகியவர்களுக்குக் கபுறு இல்லை.

சிகேலியுஸ் என்ற பாத்திரத்தைச் சாப்பெக் கற்பனை செய்தார். ஆனால் அப்பாத்திரத்தின் தொழில் முறை கற்பனையன்று. தெரியாத இடத்தில் தெரிந்ததுபோலப் பேசுவது. ஆட்சியாளர் விரும்பும் விடையை முதலிற் கண்டு, அதற்குரிய காரணத்தைப் பின்னர் தேடுவது. கேட்பவனைக் கல்லாதவன் என்று ஒதுக்குவது. விஞ்ஞானத்தின் மீதுள்ள மக்களின் நம்பிக்கை இவ்வாறு செலவழிக்கப்பட்டபின் அந்த வெற்றிடத்தில் எது வந்து அமரும் என்பதையும் நாம் பார்த்தோம். காளி தேவியின் அருளால் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பாணியை வாங்க 2020 டிசம்பரில் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். அதைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சரே அடுத்த மாதம் கொவிட் நோயாளியானார். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அந்த வரிசையில் நின்ற ஏழை மக்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். எரிப்புக்கு ஆதாரம் கேட்டபோது வாய் மூடியிருந்த கல்விமான்கள் அந்த வரிசைக்கு முன்னாலேயே நிற்கிறார்கள்.

சிகேலியுஸைப் படைத்ததில் சாப்பெக் நமக்குச் செய்த உதவி பெரிது. கலேன் விஷயத்தில்தான் நாம் அவரோடு முரண்படுகிறோம்.

கலேன் செய்தது சரியா என்று நாடகம் கேட்கிறது. வைத்தியன் எவனுக்கும் மருந்தை மறுக்கலாகாது என்ற பழைய தர்மம் ஒருபுறம். ஒவ்வொருவராகக் காப்பாற்றி, எல்லோரையும் சேர்த்துக் கொல்லும் போருக்கு அனுப்புவது வைத்தியமா என்ற வினா மறுபுறம். இரண்டாவது வினா வலியது. போர்க்களத்தில் வைத்தியனாக இருந்த கலேன் அதனைக் கேட்க உரிமையுடையவர். மருந்துக்கு முதலாளிகள் எப்போதும் விலை வைத்தே வந்துள்ளனர். கலேனும் விலை வைக்கிறார், பணத்துக்குப் பதிலாகச் சமாதானத்தைக் கேட்கிறார், அவ்வளவுதான். செல்வனுக்கு முன்னுரிமை என்ற வழக்கத்தை அவர் தலைகீழாக்குவது கண்டு உழைக்கும் மக்கள் மேடையை நோக்கிக் கை தட்டியிருப்பர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த விலை யார் தலையில் விழுகிறது? நாடகத்தில் ஒரு சாதாரண குடும்பம் வருகிறது. தகப்பன் கிரூக்கின் தொழிற்சாலையில் கணக்கெழுதுபவன். மேலுள்ளவர்கள் வெள்ளை நோயில் இறந்ததால் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. உள்ளூர அவன் மகிழ்கிறான். வேலையற்ற இளைஞருக்கு இடம் கிடைக்கிறதே என்று பிள்ளைகளும் நோயை ஒருவாறு வரவேற்கின்றனர். சாப்பெக்கின் கண் இவ்விடத்தில் எவ்வளவு நுட்பமானது! முதலாளித்துவ சமுதாயத்தில் ஒருவனுடைய சாவு மற்றொருவனுடைய காலியிடம். பின்னர் அவ்வீட்டுத் தாய் நோயுறுகிறாள். தகப்பன் கலேனிடம் ஓடுகிறான். கிரூக்கின் ஆயுதத் தொழிற்சாலையில் இனி வேலை செய்யாதே, உன் மனைவிக்கு மருந்து தருகிறேன் என்கிறார் கலேன். அவனால் அது முடியவில்லை. அவள் இறக்கிறாள்.

இக்காட்சியைச் சாப்பெக் அந்தக் கணக்கெழுத்தனின் கோழைத்தனத்துக்குச் சாட்சியாக வைத்தார் என்றே தோன்றுகிறது. நமக்கு வேறொன்று தெரிகிறது. போர்த் தொழிற்சாலையை நிறுத்தும் சுமையைக் கலேன் ஒரு தனி ஊழியன்மேல், அவனுடைய மனைவியின் உயிரைப் பணயமாக வைத்து ஏற்றுகிறார். அத்தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் இருந்திருப்பர். அவர்களிடம் கலேன் ஒருமுறையேனும் சென்றாரா? அவர்களுக்குச் சங்கம் இருந்ததா? வேலைநிறுத்தம் என்ற சொல் இந்நாடகத்தில் எங்கும் ஒலிப்பதில்லை. மருந்தை நிறுத்தி வைத்து நடத்தும் கலேனின் போராட்டம் தன்னந்தனி மனிதன் ஒருவனின் வேலைநிறுத்தமே. தனி ஆள் வேலைநிறுத்தம் எவ்வாறு முடியும் என்று தோட்டத்து மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதைவிடப் பெரிய குறை இரகசியம். சூத்திரம் கலேனின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அத்தலை உடைந்ததும் உலகின் மருந்தும் மடிந்தது. நல்லவன் வைத்திருந்தாலும் இரகசியம் இரகசியமே. அது தனியுடைமையின் ஒரு வடிவமே. இதைக் கொவிட் காலம் நமக்குப் போதித்ததுபோல் வேறெதுவும் போதிக்கவில்லை.

விஞ்ஞானம் அந்த ஆண்டில் செய்த பெருஞ் செயல்கள் எவையெவை என்று பாருங்கள். 2020 ஜனவரியில், சீன விஞ்ஞானிகள் புதிய வைரஸின் மரபணு வரிசையை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் பிரித்தானிய மக்களின் கைகளில் தடுப்பூசி ஏறியதற்கு அடித்தளம் அந்த வெளியீடே. அடித்தளத்துக்கும் கீழே பல்லாண்டு உழைப்பு இருந்தது. கட்டலின் காரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் பதிப்பித்த ஆராய்ச்சியைப் பெரும்பாலோர் அன்று பொருட்படுத்தவில்லை. பல்கலைக்கழகத்தில் முன்னரே பதவி இறக்கப்பட்டவர் காரிக்கோ. 2023இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இதனினும் நமது விவாதத்துக்கு நெருக்கமானது மற்றொரு சம்பவம். டெக்ஸாமெதசோன் என்பது பல்லாண்டு வழக்கிலுள்ள, மிக மலிவான, நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும் மருந்து. கடுங் கொவிட் நோய்க்கு அது உதவுமா என்று பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலைகளில் பரீட்சித்தனர். 2,104 பேருக்கு அது கொடுக்கப்பட்டது. 4,321 பேர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றனர். யாருக்கு எது என்பதை வைத்தியரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. 2020 ஜூன் மாதத்தில் விடை தெரிந்தது: சுவாசக் கருவியில் இருந்தோரிடையே மரணம் மூன்றிலொரு பங்கு குறைந்தது, ஒட்சிசன் மட்டும் பெற்றோரிடையே ஐந்திலொரு பங்கு. அதே பரீட்சை, ஜனாதிபதிகள் சிலர் வானளாவப் புகழ்ந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பயனற்றது என்பதையும் நிறுவிற்று.

இதிலே ஒரு கலேன் இல்லை. தலைமை தாங்கிய பேராசிரியர்கள் இருந்தனர். எனினும் கண்டுபிடிப்பைச் செய்தவர்கள், பொதுமக்களின் பணத்தில் இயங்கும் ஒரு சுகாதார சேவையும், பெயர் தெரியாத ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரும். சாப்பெக்கின் 13ஆம் வார்ட்டில் ஒரு மேதை மருந்து ஏற்றுகிறார், நோயாளர் எழுந்து நடக்கின்றனர். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு வார்ட்டு அங்கே இல்லை, தேவையும் இல்லை. நாடகம் அற்புதத்தை நாடுகிறது. கொள்ளை நோயின் விஞ்ஞானமோ எண்ணிக்கையை நாடுகிறது. எண்ணிக்கை மேடைக்கு ஏற்றதன்று என்று நாடகாசிரியர்கள் சொல்லக்கூடும். அது நாடகாசிரியர்களின் சிக்கல்.

பொதுவாக விளைந்த அறிவு பின்னர் எவர் கைக்குப் போயிற்று என்பதையும் சொல்லவேண்டும். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாபிரிக்காவும் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்தன: நோய் தணியும் வரையிலாவது மருந்துகள் மீதுள்ள காப்புரிமைகளை நிறுத்தி வையுங்கள். செல்வ நாடுகள் பல தடுத்தன. 2022 ஜூனில் ஒரு தீர்மானம் வந்தது. அது தடுப்பூசிகளுக்கு மட்டுமே பொருந்தியது, அதுவும் சுருங்கிய அளவில். இடைப்பட்ட மாதங்களில் செல்வ நாடுகள் தம் மக்கட்தொகையைப் பன்மடங்கு மிஞ்சிய குப்பிகளை ஒப்பந்தம் செய்துகொண்டன. 2021 முடிவுக்குள் 200 கோடி குப்பிகளை ஏழை நாடுகளுக்கும் பகிர்வதாகப் புறப்பட்ட ‘கொவக்ஸ்’ திட்டம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. மொடேர்னா நிறுவனம், நோய் நீடிக்கும் வரை காப்புரிமையை வற்புறுத்தமாட்டோம் என்று அறிவித்தது. ஆனால் செய்முறையைக் கற்றுக்கொடுக்க முன்வரவில்லை. கேப் டவுன் நகரின் விஞ்ஞானிகள், வெளியான வரிசையை வைத்துக்கொண்டு, கேள்வி கேட்க ஆளின்றித் தாமாகவே அத்தடுப்பூசியை மீண்டும் ஆக்கினர். 2022 தொடக்கத்தில் ஆய்வுகூட அளவில் அது கைகூடிற்று. கலேனின் பூட்டிய வாய்க்கும் மொடேர்னாவின் பூட்டிய செய்முறைக்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரம். ஆயினும் வரிசையில் நிற்கும் நோயாளிக்கு இரண்டும் ஒரே பூட்டுத்தான்.

அப்படியாயின் மருந்தைக் கொண்டு சமாதானத்தைக் கேட்கவே கூடாதா? இங்கே வரலாறு சாப்பெக் எண்ணாத ஒரு விடையைத் தந்திருக்கிறது. 1958இல், பனிப்போரின் நடுவே, சோவியத் விஞ்ஞானி விக்டர் ஷ்தானொவ் உலக சுகாதார மாநாட்டில் எழுந்து, பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிப்போம் என்ற யோசனையை முன்வைத்தார். அம்மாநாடு நடந்தது அமெரிக்காவில். சோவியத் நாடு தடுப்பு மருந்தைப் பெருந்தொகையாக இனாமாக வழங்கிற்று. 1967இல் தீவிரமடைந்த ஒழிப்பு இயக்கத்தை ஓர் அமெரிக்கர் நடத்தினார். கடைசி இயற்கைத் தொற்று 1977இல் சோமாலியாவில் ஏற்பட்டது; 1980இல் பெரியம்மை ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. இரு வல்லரசுகளும் அணுகுண்டுகளைக் கீழே வைக்கவில்லை. மருந்து கைமாறுவதற்கு அவர்கள் முதலில் நண்பர்களாக வேண்டியிருக்கவும் இல்லை.

1985இல் எல் சல்வடோரில் நடந்தது இன்னும் கலேனுக்கு நெருக்கமானது. குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதற்காக அரசாங்கப் படையும் கெரில்லாக்களும் குறித்த நாட்களில் சுடுவதை நிறுத்தினர். நமது நாட்டிலும் 1995 முதல், இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் போர் ஓய்ந்திருந்தது. வன்னியில் தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நிலையங்களுக்கு வந்தனர். மறுநாள் செல் அடித்தார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் கலேன் நிரந்தர சமாதானம் கேட்டுப் பெறாததை, மருந்தை மறைக்காமலே சிலர் ஒரு நாளளவுக்குப் பெற்றனர்; அந்த ஒரு நாளைப் பெறுவதற்கு இரு பக்கத்தும் எத்தனையோ பேர் பேசவும் நடக்கவும் வேண்டியிருந்தது.

இப்பேர்ப்பட்ட மக்கள் சாப்பெக்கின் மேடையில் இல்லை. அவருடைய நாடகத்தில் மக்கள் என்போர் முடிவில் வரும் அந்தக் கூட்டமே. கோஷமிடும், கொல்லும் கூட்டம். பாஸிஸம் மக்களை அவ்வாறு ஆக்கிக் காட்டிய காலத்தில் அவர் எழுதினார் என்பதனால் அவரை நாம் மன்னிக்கலாம். எனினும் 1937ஆம் ஆண்டின் ஐரோப்பாவிலேயே பாஸிஸத்தை எதிர்த்து வீதிக்கு வந்த வேறு கூட்டங்களும் இருந்தன. மட்ரிட் நகரைக் காத்து நின்றவர்களும் மக்களே. மனிதாபிமானியான சாப்பெக் மனிதனை நேசித்தார். மனிதர் ஒன்றுகூடிய இடத்தில் அவருக்கு அச்சமே மேலிட்டது.

நாடகத்தின் முதற் காட்சியை மீண்டும் படித்துப் பார்த்தோம். உடலெங்கும் துணி சுற்றிய மூன்று நோயாளிகள் அங்கே பேசுகின்றனர். இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்கிறான் ஒருவன். வறுமையைத் தவிர வேறெதனையும் கண்டறியாத நான் என்ன பாவம் செய்தேன் என்று மற்றொருவன் சீறுகிறான். நாடகத்திலேயே மிகக் கூரிய வசனம் அதுதான். அக்கேள்வியைக் கேட்டவனுக்குச் சாப்பெக் அக்காட்சிக்குப் பின் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. 13ஆம் வார்ட்டிலிருந்து குணமடைந்து வீடு திரும்பிய ஏழைகள் பலர் அந்நகரிலேயே இருந்திருக்க வேண்டும். கலேன் மருந்துப் பையோடு அந்த வீதியால் நடந்து வந்தபோது அவர்களுள் ஒருவரேனும் கூட நடந்ததாக நாடகத்தில் ஒரு குறிப்புமில்லை.